விடுவதற்காகப் பிடித்தல்

பிடித்த மீனை உயிரோடு கடலில் விட்டுவிடுகிறவன், அதைக் கொன்று தின்கிறவனை விட நல்லவனா?

எங்கள் றெஸ்ரோறன்றுக்கு ஞாயிறு மத்தியானங்களில் வழக்கமாக வரும் ஒரு வெள்ளைக்காரர், மொறீஷியஸ் தீவுக்கு விடுமுறையில் போய் வந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். மார்லின் மீன். கருநீல முதுகு, ஈட்டி போல நீண்ட மூக்கு. ஒன்றரை மணித்தியாலம் அதனோடு போராடினாராம். பிறகு கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது, புண்ணியம் செய்த மனிதரின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. உள்ளே வந்து இதைச் சொன்னேன். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்து, இப்போது எங்கள் கிச்சினில் மீன் வெட்டும் அண்ணை, கத்தியை நிறுத்தாமலே கேட்டார்: "விடுறதெண்டால் என்னத்துக்குத் தம்பி பிடிச்சவர்?"

இரண்டு வருடத்தோடு நின்றுபோன என் மெய்யியல் படிப்பில் இதைவிட நேரான கேள்வியை நான் சந்தித்ததில்லை.

அண்ணையின் ஊரில் கடலுக்குப் போவதற்குப் பெயர் 'தொழில்'. கரையில் நிற்பவர்கள் "இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?" என்று கேட்பார்கள். 'மீன் பட்டது' என்பதுதான் பதில். 'நான் வென்றேன்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல்லில் மனிதனுக்குக் கொஞ்சப் பங்கும் கடலுக்கு மிச்சப் பங்கும் இருக்கிறது.

விளையாட்டாக மீன் பிடிப்பவர்களின் மொழி வேறு. அது போர்க்களத்து மொழி. அவர்களுக்கென்று 1939இல் ஒரு சர்வதேசச் சங்கம் தோன்றியது. சாதனைகளைப் பதிவதும் விதிகளை வகுப்பதும் அதன் வேலை. தூண்டிலையோ நூலையோ இன்னொருவர் தொட்டுப் பிடித்துதவினால் அந்த மீன் கணக்கில் சேராது. தனி மனிதன், தனி மீன், நேர்மையான சண்டை என்பது அதன் தத்துவம். ஆனால் அந்தத் தனி மனிதன் படகோடு பொருத்திய கதிரையில் வார்ப்பட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். மீன் ஓடும் திசைக்கு ஓட்டி இயந்திரத்தின் வலுவோடு படகைப் பின்னால் செலுத்துகிறான். கடைசியில் நூலின் முனைக் கண்ணியைக் கையில் சுற்றி மீனை இழுத்து நிறுத்துவது கூலிக்கு நிற்கும் உதவியாளன். 1953 ஆவணி 4ஆம் திகதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் அல்பிரட் கிளாசெல் பிடித்த 1560 இறாத்தல் கறுப்பு மார்லின் பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. இவ்வளவு பெரிதாக வளர்பவை பெண் மீன்கள்தான். ஆண் மீன்கள் சிறியவை. வீரத்தின் அளவுகோலாகத் தொங்குவது எப்போதும் ஒரு தாய் மீன்.

சண்டை என்றால் இரண்டு பக்கமும் சம்மதித்திருக்க வேண்டும். மார்லின் சண்டைக்கு வரவில்லை. அது சாப்பிட வந்தது.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' 1952இல் வெளிவந்தது. எண்பத்து நான்கு நாள் மீன் படாத கியூபாக் கிழவன் ஒரு பெரும் மார்லினைப் பிடிக்கிறான். கரைக்கு வருமுன் சுறாக்கள் அதைத் தின்றுவிட, எலும்புக்கூடுதான் மிஞ்சுகிறது. இலக்கியம் அதை மனிதனின் வெற்றி என்று வாசித்தது. 2023 ஆனி மாதம் அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த பெரிய மார்லின் போட்டியில் ஒரு படகு 619.4 இறாத்தல் மீனைக் கொண்டுவந்தது. சுறா கடித்த அடையாளம் உடலில் இருந்ததால் அது விதிப்படி தள்ளப்பட்டது; சுமார் 35 இலட்சம் டொலர் பரிசு கைவிட்டுப் போனது. அந்த விதிப்படி பார்த்தால் கிழவனின் மீனும் தள்ளப்பட்டிருக்கும். கிழவனுக்கு மீன் போனால் சாப்பாடும் காசும் போகும். போட்டிக்காரருக்கு மீன் ஓர் எண்.

இந்த இடத்தில்தான் 'விட்டுவிடுகிறோம்' என்ற பதில் வருகிறது. லண்டனில் இது பழைய பதில். ஐசாக் வால்ற்றன் 1653இல் தூண்டில்காரருக்கான தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அவருடைய மனிதர்கள் ரொட்டன்ஹாம் வழியாக லீ ஆற்றங்கரைக்கு நடந்தார்கள், பிடித்ததைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். இன்று அதே லீ ஆற்றின் கரையில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் பிடித்ததை முத்தமிடாத குறையாகத் தண்ணீரில் விடுகிறார்கள். 2000களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் கெண்டை மீனைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று இங்கே பத்திரிகைகள் கோபப்பட்டன. பசிக்குத் தின்பது காட்டுமிராண்டித்தனம், பொழுதுபோக்குக்குக் குத்துவது நாகரிகம்!

இங்கிலாந்தில் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், மீன்பிடியில் வழமையாக நடப்பதெல்லாம் தனக்குள் அடங்காது என்று ஒதுக்கிவிட்டது. இதற்கிடையில் 2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஒருவகை நன்னீர் மீனின் முகத்திலும் வாயருகிலும் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன. அது நாம் உணரும் நோதானா என்ற விவாதம் முடியவில்லை. எங்கள் உறவினர்கள் பலர் வாழும் சுவிஸிலோ 2008இன் விதி நேரெதிரானது: விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதே குற்றம். தின்பதற்கென்றால் பிடி, இல்லாவிட்டால் தண்ணீரில் இருக்கவிடு. அண்ணையின் கேள்வியைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் வரும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகக் கடல்களில் மார்லின் அதிகமாகச் சாவது விளையாட்டுத் தூண்டிலில் அல்ல. சூரைக்காக மைல் கணக்கில் போடும் ஆயிரங்கொக்கிகளில், யாரும் குறிவைக்காமலே, அது மாட்டிச் சாகிறது. அந்தச் சூரை எங்களைப் போன்றவர்களின் கிச்சினுக்கும் வருகிறது. கணக்குப் பார்த்தால் வெள்ளைக்காரரின் கை எங்களுடைய கையை விடச் சுத்தம். 'தேவை' என்ற சொல் எல்லாவற்றையும் கழுவிவிடாது. வாங்குகிறவனுக்கும் கொலையில் பங்குண்டு என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் எங்களை முன்பே மடக்கிவிட்டார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பெரியபுராணத்தில் அதிபத்தர் என்ற நாகப்பட்டினத்து மீனவர் வருகிறார். ஒவ்வொரு நாளும் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். பிறகு நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் படும் காலம் வந்தது. வீட்டில் பட்டினி, அந்த ஒன்றையும் விட்டார். கடைசியில் பொன்னாலான மீன் வந்தபோது அதையும் விட்டார். இதுவும் விடுதல்தான். ஆனால் அவர் விட்டது தனக்கு வேண்டியிருந்ததை. மொறீஷியஸில் விடப்பட்ட மார்லின், விட்டவருக்குத் தேவைப்படாத மீன். வேண்டிய படமும் கதையும் அவருக்கு ஏற்கனவே கிடைத்துவிட்டன. தனக்கு ஒன்றும் குறையாமல் விடுவதற்கு இரக்கம் என்ற பெயர் பொருந்தாது. அது விளையாட்டின் கடைசிப் பகுதி.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. எங்களில் பலர் பிடிபட்டு விடப்பட்டவர்கள். 2009இல் முட்கம்பிக்குள் இருந்து பதிந்து விடப்பட்டவர்கள். இந்த நாட்டில் தடுப்பில் இருந்து நிபந்தனையோடு விடப்பட்டு, குறித்த நாளில் கையொப்பம் வைக்கப் போகிறவர்கள். காலில் மின்னணுப் பட்டியோடு திரிகிறவர்கள். மார்லினையும் விடும்போது பலர் தோளில் ஓர் அடையாளத்தைக் குத்துகிறார்கள். மனிதனையும் மீனையும் ஒன்றாக்குவது மலிவான வேலை. மீனுக்கு அப்பீல் இல்லை, சட்டத்தரணி இல்லை. ஆனாலும் ஒன்று தெரியும். விட்டவனுக்குக் கதை அங்கே முடிகிறது, விடப்பட்ட உயிருக்கு அங்கேதான் தொடங்குகிறது. விடப்பட்ட மார்லின்களில் ஒரு பகுதி களைப்பாலும் காயத்தாலும் பிறகு சாகின்றன. அப்போது படகு கரைக்குத் திரும்பியிருக்கும்.

கொன்று தின்கிறவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் கொன்றது அவன் கண்முன்னே கிடக்கிறது. அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் போதாமலும் போகலாம். விட்டவனிடம் யாரும் பதில் கேட்பதில்லை, அவனும் தன்னைக் கேட்பதில்லை. ஒரு செயலின் நியாயத்தை அறிய, விட்ட கையைப் பார்ப்பது போதாது. பிடித்த கை எதற்காக நீண்டது என்று முதலில் கேட்க வேண்டும்.