யூ மரத்தடி

மார்ச் மாதம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற சிற்றூர். தூய மரியாள் ஆலய முற்றத்தில் பட்டுப்போன யூ (yew) மரம் ஒன்றின் அடிமரம் நிற்கிறது. தொட்டுப் பார்க்கிறேன். பட்டை உதிர்ந்து, வெயிலிலும் மழையிலும் வெளுத்து, பழைய எலும்பு போல வழவழவென்றிருக்கிறது.

இவ்வூர் ஆலயத்தில் உதவிக் குருவாக இருந்தவர் கில்பர்ட் வைட். 1789இல் வெளிவந்த தன் நூலில் இந்த யூ மரத்தின் சுற்றளவு 23 அடி என்று குறித்தார். ஆண் மரமாகையால் வசந்தத்தில் மகரந்தத்தைப் புகையாய் உதறும் என்றும் எழுதினார். அதன் பிறகும் இருநூறு ஆண்டு நின்றது. அடிமரத்தைச் சுற்றி ஊரார் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

1990 ஜனவரி 25. புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. புரண்ட மண்ணில், வேர்களுக்கு நடுவே, எப்போதோ அடக்கம் செய்யப்பட்டவர்களின் எலும்புகள். கிளைகளைக் கழித்து, மரத்தைத் தூக்கி நிறுத்தி, மண் அணைத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

*

அன்று பிரிட்டனில் 47 பேர் இறந்தார்கள். 1987 அக்டோபர் புயல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது; அதில் இங்கிலாந்தில் இறந்தவர்கள் 18 பேர். அது நள்ளிரவில் வந்தது. 1990 புயலோ ஊர் நடமாடும் பகலில் வந்தது. இந்த இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து எழுதி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் எப்போது விழும் என்பதை நம்மால் முழுக்க அறிய முடியாது. விழுகிற இடத்தில் யார் இருப்பார்கள் என்பதில் நம் கை கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே பழைய மரத்தை வெட்டக் கோடரி எடுக்கும் முன் பெஞ்சை நகர்த்தலாம். பாதையை வளைத்து விடலாம். பலத்த காற்று நாளில் வாசற்கதவைப் பூட்டலாம். பாரம் கூடிய கிளையைக் குறைக்கலாம், சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருகிறவர்களின் பாதுகாப்புக்கு இடத்தை வைத்திருப்பவர்கள் பொறுப்பு. ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் சிறிய சபையின் முதியவர்களுக்கு, மரம் விழுந்தால் பொறுப்பேற்க வேண்டுமே என்ற பயம் இருக்கத்தானே செய்யும்? ஆனாலும் மரம் விழுந்து ஒருவர் சாகும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடியில் ஒன்று என்று 2011இல் மரப் பாதுகாப்புக்கான தேசியக் குழு வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வெட்டிவிட்டால் நிம்மதி என்று ஆயிரம் ஆண்டு மரத்தில் கைவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

*

வெட்டலாமா என்று மரங்களைச் சோதித்துச் சொல்கிறவர் ஒருவர் வேறொரு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கையில் மரச் சுத்தி. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர் போல, காதைச் சாய்த்துக்கொண்டு ஒரு யூவின் அடிமரத்தைச் சுற்றி வந்தார். கெட்டியான இடத்தில் டொக் என்றது; பொந்து இருந்த இடத்தில் டம் என்று ஆழ்ந்தது. பொந்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வயதான யூ பெரும்பாலும் உள்ளே கோறையாகத்தான் இருக்கும். பொந்தைச் சுற்றியுள்ள மரம் தடிப்பாக இருந்தால் குழாய் போலத் தாங்கும். மண்டியிட்டு, வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். காளான் இருக்கிறதா, மண் புதிதாக வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

*

செல்போர்னில் விழுந்த மரத்தின் போத்து ஒன்றை நட்டு வளர்க்கிறார்கள். ஆண் மரத்தின் போத்து ஆணாகத்தான் வளரும். அதன் சின்னக் கிளை ஒன்றை விரலால் மெல்லத் தட்டினேன். மஞ்சள் தூசி எழும்பி, சற்று நேரம் காற்றில் நின்று, என் சட்டைக் கையில் படிந்தது.