குறைவும் உறவும்

“ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ, நான் யாரோ” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. காரியத்துக்காக ஏற்படும் உறவு கீழானது, காரணமில்லாத அன்பே மேலானது என்பது இந்தப் பழமொழிக்குள் இருக்கும் தீர்ப்பு. நாம் படிக்கும் கதைகளும் பெரும்பாலும் இதே தீர்ப்பைத்தான் சொல்லுகின்றன. ஆனால் மண்ணுக்கு அடியில் நடக்கும் ஒரு குடித்தனத்தைப் பற்றிப் படித்த பிறகு, இது முழு உண்மைதானா என்ற சந்தேகம் எனக்கு எழுந்திருக்கிறது.

1885-ஆம் ஆண்டில் பிராங்க் என்ற ஜெர்மானியத் தாவர அறிஞர், சில மரங்களின் வேர் நுனிகளைப் பூசணம் ஒன்று உறைபோல் போர்த்தியிருப்பதைக் கவனித்தார். அது நோயல்ல, கூட்டு வாழ்க்கை என்று துணிந்து எழுதினார். ‘மைக்கோரைசா’, அதாவது வேர்ப் பூசணம் என்ற பெயர் அவர் வைத்ததுதான். நம் வயல் பயிர்களோடு வாழ்வது இன்னொரு வகை. அது வேருக்கு உள்ளேயே புகுந்து குடியிருக்கும்.

இந்த உறவுக்குக் காரணம் பசி. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதில்லை. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளது தீர்ந்ததும், அப்பால் எவ்வளவு இருந்தாலும் செடிக்கு எட்டாது. பூசணத்தின் மெல்லிய இழைகளோ பல சென்டிமீட்டர் பரவி அதைத் தேடிக் கொண்டுவருகின்றன. பதிலுக்குச் செடி தான் வெயிலில் சமைத்த உணவில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. அந்தப் பங்கு இல்லாமல் பூசணத்துக்குப் பிழைப்பில்லை.

பசித்த வேர் வாய்விட்டுக் கேட்கவும் செய்கிறது! ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் ஒரு பொருளை அது மண்ணில் கசியவிடுகிறது. அதுவே பூசணத்துக்கு அழைப்பு என்று 2005-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கேட்பதில் ஆபத்தும் இருக்கிறது. சோள வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையின் விதையும் அதே அழைப்பைக் கேட்டுத்தான் விழித்துக்கொள்கிறது. நண்பனைக் கூப்பிடும் குரல் திருடனுக்கும் கேட்கிறது.

மண்ணில் மணிச்சத்து உரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? வேர் அழைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பூசணத்துக்கு உள்ளே இடம் சுருங்குகிறது. இதை நன்றிகெட்டதனம் என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளமான மண்ணில் அந்த விருந்தாளிக்குச் சோறு போடுவது சில சமயம் செடிக்கு நஷ்டமாகவே முடிகிறது. செடி கணக்குப் பார்ப்பதில் தவறு காண நாம் யார்?

ஆனால் கணக்கு அந்த ஒரு பட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் டார்லிங் டவுன்ஸ் என்ற பகுதியின் விவசாயிகள், மண்ணில் ஈரம் சேரட்டும் என்று நிலத்தை ஓராண்டுக்கு மேல் வெறும் தரிசாகப் போட்டு, களைகூட முளைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஓய்வெடுத்த நிலம் அள்ளிக் கொடுக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? மாறாக, அங்கே பயிர் குன்றி நின்றது. 1987-இல் தாம்சன் என்ற ஆராய்ச்சியாளர் காரணத்தை எடுத்துக்காட்டினார். உயிருள்ள வேர் ஒன்றும் இல்லாத அந்த நீண்ட காலத்தில் பூசணம் குறைந்துபோயிருந்தது. பிறகு விதைத்த சூரியகாந்தி மணிச்சத்துக்குத் தவித்தது. வேர் அழைத்திருக்கும், வருவதற்குப் போதிய ஆள் இல்லை. உரத்தை அதிகமாகப் போட்டுச் சரிசெய்யலாம். அதற்குக் கையில் காசு வேண்டும்.

இதைப் படித்தபோது எங்கள் தெரு என் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் காப்பிப் பொடி தீர்ந்தால் குழந்தையின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். மாதக் கடைசியில் பத்து ரூபாய் கைமாற்றுப் போகும், வரும். இன்று அந்தக் கிண்ணம் வாசற்படி தாண்டுவதில்லை. யாருக்கும் குறைவில்லை, கேட்ட பொருள் வாசலுக்கே வந்துவிடுகிறது. நல்லதுதான். வறுமை திரும்பட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடுநிசியில் ஒருவருக்கு மார்வலி வந்தால், எந்தக் கதவைத் தட்டுவது என்று அந்த வீட்டு அம்மாள் தயங்கி நிற்பாள் அல்லவா? அந்தத் தயக்கத்தை எந்தக் கடையும் கொண்டுவந்து போடும் பொருளால் தீர்க்க முடியாது.

தேவையில் பிறந்த உறவு என்பதனாலேயே அது தாழ்ந்ததாகிவிடாது என்பது என் கட்சி. தாயும் பிள்ளையும்கூடத் தேவையில்தானே தொடங்குகிறார்கள்? ஒருவரிடம் கேட்பதென்றால் நம் குறையைக் காட்டிக்கொள்ள வேண்டும், ஏமாறவும் நேரலாம். நிறைவான காலத்தில் அந்தச் சங்கடம் நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். பூசணம் உயிருள்ள வேரோடு ஒட்டியிருந்தால்தான் அடுத்த பட்டத்துக்குக் குறையாமல் இருக்கும். நம்மிடம் எல்லாம் இருக்கும்போதே பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் காப்பிப் பொடி கேட்டு வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.