ஆற்றலுக்கேற்ற தவம்



சாரல் காலத்தில் குற்றாலம் சென்றோர் கண்டிருப்பீர்கள். பேரருவியின் நேர்கீழே இளைஞர் நிற்பர்; முதியோர் ஓரமாய் வழியும் நீரில் தலை நனைப்பர்; கைக்குழந்தையைத் தாய் குவளை நீரால் குளிப்பாட்டுவாள். நீர் ஒன்றே, ஏற்கும் அளவு வேறு. வெள்ளம் பெருகினாலோ காவலர் எவரையும் நெருங்க விடுவதில்லை.

நற்பழக்கத்திற்கும் இத்தகைய அளவு உண்டென்பதை நாம் எழுபதைக் கடந்த பின்னரே கற்றோம். தென்காசியில் மகள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஓர் அட்டமியன்று நீரும் பருகாத உபவாசம் ஏற்றோம். பேரன் கட்டிவிட்ட கைக்கடிகாரமோ நாளும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லும். அதையும் விட மனமின்றி, விடியலில் குற்றாலம் நோக்கி நடந்தோம். முந்திய மாலை உண்ட சர்க்கரை நோய் மாத்திரையை எண்ணிப் பார்க்கவில்லை. வழியில் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, கண் இருண்டது. பழம் விற்கும் அம்மையார் ஒருவர் தாங்கிப் பிடித்து வெல்லநீர் புகட்டினார். உயிர் தங்கியது, விரதம் முறிந்தது.

விரதம் முறிந்த வருத்தத்துடன் தத்துவார்த்த சூத்திரத்தை எடுத்தோம். அதன் ஆறாம் அத்தியாயம் தீர்த்தங்கரத்துவத்திற்கு ஏதுவான பதினாறு பாவனைகளைக் கூறுகிறது. அவற்றுள் தியாகம், தவம் என்னும் இரண்டிற்கு மட்டும் ஆசிரியர் 'சக்திக்கேற்ப' என்ற அடைமொழி சேர்த்துள்ளார். பலமுறை ஓதியும் அச்சொல்லை நாம் கருதாது கடந்திருந்தோம்! ஆற்றலை ஒளித்துக் குறைவாகச் செய்வது சோம்பல்; ஆற்றலை மீறிச் செய்வது செருக்கு. இரண்டும் குற்றமே.

இன்றைய மருத்துவமும் இதனையே கூறுகிறது. பத்தாயிரம் அடி என்பது, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரால் பரவிய எண். ஆய்ந்து வகுத்த அளவன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பையேனும் பரிந்துரைத்தது. முதியோர் தம் உடல் இடந்தரும் அளவே செய்க என்றது.

அவ்வாறாயின் உபவாசம் இருக்க இயலாதவர்க்குத் தவம் இல்லையோ? உண்டு. புறத்தவம் ஆறனுள் உண்ணாமை முதலாவது மட்டுமே. வயிறு நிரம்புமுன் எழுவது இரண்டாவது. சுவை துறத்தல் நான்காவது. துறக்கும் சுவைகளுள் உப்பும் ஒன்று. இரத்த அழுத்தமுடையோர் அதனைக் குறைப்பது உடலுக்கும் நலம், உயிருக்கும் நலம்.

ஆதலின், வரும் தசலட்சண பருவத்தில் விரதம் ஏற்குமுன் அளந்து பாருங்கள். மருந்துண்போர் மருத்துவரைக் கேளுங்கள். ஏற்ற விரதத்தைக் காப்பது அறம். காக்க இயலும் விரதத்தையே ஏற்பது அதற்கு முந்திய அறம். இல்லத்து முதியோரை, "இவ்வளவுதானா?" என்று இளையோர் கேளாதிருப்பீர்களாக. நாமும் இப்போது அட்டமிதோறும் ஒருவேளை உணவும் உரிய மருந்தும் கொண்டு, எஞ்சிய பொழுதை நூலோதுவதில் கழிக்கிறோம். மனம் கலங்காதிருக்கிறது.

அறம் வளர்க!