குழந்தைகளின் வாழ்த்து

இங்கிலாந்துக்கும் வேல்ஸ் நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில், மன்னனுடைய ஆணைப்பத்திரம் செல்லாத சீமைகளில், தாமே கோட்டை கட்டி, தாமே வழக்குத் தீர்த்து, தாமே யுத்தம் தொடுக்கும் உரிமை பெற்றிருந்த நார்மானியப் பிரபுக்களுள் ஒருவனான வில்லியம் டி பிரவோஸ் என்பவனுடைய பக்தி, நெடுநாட்களாக என் மனத்தை உறுத்தி வருகிறது.

1188-இல் சிலுவைப் போருக்கு ஆள் சேர்க்கும்பொருட்டுக் கான்டர்பரி ஆர்ச்பிஷப்போடு வேல்ஸ் நாட்டைச் சுற்றிவந்த ஜெரால்ட் என்னும் குரு, அவனைப் பற்றிச் சில செய்திகளை எழுதிவைத்திருக்கிறார். கடிதங்களில் 'தெய்வ சகாயத்தால்' என்ற சொல்லைச் சேர்ப்பதற்காகவே எழுத்தர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் ஆண்டுதோறும் ஒரு பொன் கொடுப்பானாம். வழியில் கோயிலையோ சிலுவையையோ கண்டால், எத்தனை பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தாலும் பேச்சை நிறுத்திப் பிரார்த்தித்த பின்பே தொடர்வானாம். எதிர்ப்படும் சிறுவர்களுக்குத் தானே முந்தி வந்தனம் சொல்வானாம், அவர்கள் பதிலுக்குச் சொல்லும் வாழ்த்து குற்றமறியாத நாவின் ஆசியாகத் தன்னை வந்தடையும் என்று.

இவன்தான் 1175-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், செய்சில் அப் டிஃப்ன்வால் என்ற வேல்ஸ் தலைவனையும் அவனைச் சேர்ந்தவர்களையும் ஆபர்கவென்னிக் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்து, நிராயுதபாணிகளாக வந்தவர்களை வெட்டி வீழ்த்தச் செய்தவன். அவனுடைய ஆட்கள் அத்தோடு நில்லாமல் செய்சிலின் வீட்டுக்கும் குதிரை ஏறிப் போனார்கள். அங்கே மாண்டவன் காட்வலாடர், செய்சிலின் மகன், வயது ஏழு.

இத்தகையவனுடைய பிரார்த்தனையை வேஷம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. வேஷதாரி பார்ப்பவர் முகத்தைப் பார்த்து நடப்பவன்; இவனுடைய கடிதங்களிலோ தெய்வ நாமம் மிகுந்து மிகுந்து, எழுதியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் சலிப்பே உண்டாயிற்று என்று ஜெரால்டே சொல்கிறார். அவன் ஈசுவரனை மெய்யாகவே நம்பினான். ஆனால் மேலான ஒரு பிரபுவாக, கப்பம் செலுத்த வேண்டிய சக்கரவர்த்தியாக நம்பினான் என்றே எனக்குத் தோன்றுகிறது. கப்பத்தை ஒழுங்காகச் செலுத்தியவன், தன் எல்லைக்குள் நடப்பதை அந்தச் சக்கரவர்த்தி கேட்கமாட்டார் என்றிருந்துவிட்டான். தன் விருந்தில் அமர்ந்தவனுடைய உயிரும் அவருடையதே என்று உணராத பக்தி, பொய்யாக இல்லாமலே பாழாய்ப் போகக்கூடும். இதுவே என்னை அச்சுறுத்துவது.

பின்னாளில் ஜான் மன்னனின் பகைக்கு ஆளாகி, 1210-இல் மனைவி மெடில்டாவையும் மூத்த மகனையும் சிறைப் பட்டினிக்குப் பறிகொடுத்து, அடுத்த ஆண்டே பிரான்சில் அகதியாக அவன் மாண்டான். வினை வந்து மூண்டது என்று சொல்ல நமக்கு நா எழும். நான் சொல்லமாட்டேன். பசியால் துடித்த ஒரு தாயையும் மகனையும் இன்னொருவனுடைய பாவக் கணக்கில் செலவெழுதும் நியாயத்தைத் தெய்வத்தின்மேல் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

சிறுவர்களிடம் அவன் வாழ்த்து வேண்டி நின்றதை ஜெரால்ட் எழுதியது, ஆபர்கவென்னிக் கொலைக்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர். அந்தச் சாலையில் எதிர்ப்பட்ட பிள்ளைகளில் ஏழு வயதினரும் இருந்திருப்பார்கள். குதிரைமேலிருந்து அவன் முதலில் வந்தனம் சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தான்; அவர்களும் சொன்னார்கள்.