தோட்டக்காரன் கேட்ட தவணை

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஓர் அத்திமரம் நிற்கிறது. மூன்றாண்டுகளாகக் கனி காணாத உடையவன் அதனை வெட்டப் பணிக்கிறான். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். அத்தவணைக்குள் சுற்றிலும் கொத்தி எருவிடும் பொறுப்பையும் தானே ஏற்கிறான்.

பொறுமை எது, சோம்பல் எது என்னும் வினாவுக்கு இங்கு விடை உண்டு. கொத்தாமல் காத்திருப்பது சோம்பல். கொத்திவிட்டுக் காத்திருப்பது பொறுமை. கொத்துங்கால் இறுகிய மண் உடையும். சில வேர்களும் அறும். மனந்திரும்புதலும் அவ்வாறே நோவு தருவது. பின்னர் மரம் காய்த்ததா? உவமை சொல்லவில்லை. உழைப்பு நம்முடையது; கனி இறைவனுடையது.

நமக்குத் தவணை வேண்டும் நாம், பிறர்க்குக் கோடரியை ஓங்குகிறோம். தில்லிப் பனியில் இலையுதிர்த்த தொட்டிக் கறிவேப்பிலைக்காக வேனில்வரை பொறுக்கிறோமே. வழிதவறிய உடன்பிறந்தானுக்கு ஓராண்டு தரலாகாதா? அவனுக்காக மண்வெட்டி எடுப்போரின் உள்ளமும் உடன் பண்படும்.