நோய்க்காவியும் கடப்பாடும்

ஒருவர் மற்றொருவருக்கு நோயைக் கொடுத்தார் என்று நாம் கூறுவதுண்டு. கொடுத்தல் என்பது கொடுப்பவனின் எண்ணத்தை வேண்டி நிற்கும் வினை. பொருளைக் கொடுப்பவன் தன்னிடம் அப்பொருள் இருப்பதை அறிவான். கொடுக்கவும் மறுக்கவும் வல்லவன். நோய்க்கிருமியைக் கொடுப்பவனோ பெரும்பாலும் தன்னிடம் அது இருப்பதையே அறியான். ஆயினும் அவன் கொடுத்ததனால் ஓர் உயிர் நீங்கலாம். எண்ணமும் அறிவும் இன்றி விளைந்த கேட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாளியாக்குதல் தகுமா? தகாதெனின், அக்கேட்டினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சமூகம் அவர்மீது எவ்வளவு தூரம் கைவைக்கலாம்? நுண்ணுயிரியல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் சில உண்மைகள் இவ்வினாக்களை நம்முன் நிறுத்துகின்றன.

தொற்றுநோய் பற்றிய பழைய எண்ணம் எளிமையானது. நோயாளி என ஒருவர் உளர். அவரை அணுகாதிருந்தால் நோயும் நம்மை அணுகாது. குறித்த நோய்க்குக் குறித்த நுண்ணங்கியே காரணம் என நிறுவிய ஜேர்மானிய அறிஞர் றொபேட் கொக்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ இவ்வாறே கருதினார். நோயுற்றோர் உடலில் அந்நுண்ணங்கி காணப்படல் வேண்டும். நலமுடையோர் உடலிற் காணப்படலாகாது என்பது அவர் வகுத்த நியதி. ஆனால் எவ்வித நோய்க்குறியும் அற்றோரின் குடலிலும் கொலராக் கிருமி வாழ்வதை 1890களில் அவரே கண்டார். நலமுடையார் என்பதும் கிருமியற்றார் என்பதும் ஒன்றல்ல என்பது அதனால் தெளிவாயிற்று.

நெருப்புக் காய்ச்சல் என நம்மவர் வழங்கும் தைபோயிட்டை எடுத்துக்கொள்வோம். மலத்தால் மாசுற்ற நீர், உணவு ஆகியவற்றின் வழியே சல்மொனெல்லா தைபி என்னும் பற்றீரியா வாயினுட் புகுகின்றது. இரைப்பையின் அமிலம் உடலின் முன்னரண்களுள் ஒன்று. அதற்குத் தப்பியவை சிறுகுடலின் சுவரை ஊடுருவுகின்றன. அங்கே தின்குழியங்கள் அவற்றை விழுங்குகின்றன. பிற கிருமிகள் பல அவ்விடத்தே மடிந்துபோகும். இதுவோ தன்னை விழுங்கிய கலத்தினுள்ளேயே உயிர்வாழ்ந்து, அக்கலத்தையே வாகனமாகக் கொண்டு ஈரலையும் மண்ணீரலையும் சென்றடைகின்றது. பின்னர் நிணநீர்க்குழியங்கள் தொழிற்படுகின்றன, பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன, வாரக்கணக்கில் நீடிக்கும் போராட்டத்தின்பின் பெரும்பாலோர் நலம்பெறுகின்றனர்.

ஆனால் நலம்பெறுவோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் முதல் ஐவர் வரையிலானோரின் உடலில், பெரும்பாலும் பித்தப்பையில், கிருமி தங்கிவிடுகின்றது. நோய் வந்ததே தெரியாவண்ணம் இலேசாகக் கண்டு மாறியோரும் இவருள் அடங்குவர். இவருடைய உடல் கிருமியோடு ஒருவகை உடன்படிக்கை செய்துகொண்டது எனலாம். இவருக்கு அதனால் வருத்தமில்லை. ஆனால் இவரது மலத்தோடு ஆண்டுக்கணக்கில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். இவரே நோய்க்காவி. ஆழ்ந்து நோக்கின், காவியை உருவாக்குவது உடற்காப்பின் முழுத் தோல்வியன்று; அதன் அரைகுறை வெற்றியே. ஓருடல் தனக்கெனப் பெற்ற அமைதிக்கு வேறுடல்கள் விலைகொடுக்கின்றன. அறவியற் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

1869இல் அயர்லாந்திற் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மேரி மாலன் என்பவர், நியூயோர்க்கில் செல்வர் இல்லங்களிற் சமையற் பணி செய்துவந்தார். 1906இன் கோடையில், ஒயிஸ்ரர் பே என்னும் ஊரில் அவர் சமைத்த வீட்டில் இருந்த 11 பேருள் 6 பேரைத் தைபோயிட்டு பீடித்தது. காரணத்தை ஆராய்ந்த சுகாதாரப் பொறியியலாளர் ஜோர்ஜ் சோப்பர், மேரி வேலைசெய்த எட்டுக் குடும்பங்களுள் ஏழில் அந்நோய் தோன்றியிருந்ததைக் கண்டறிந்தார். நன்கு வெந்த உணவிற் கிருமி மடிந்துவிடும். ஆனால் பச்சைப் பீச் பழங்களை நறுக்கிக் கலந்து மேரி ஆக்கிய ஐஸ்கிறீம் அடுப்பேறாத உணவு. அதுவே வழியாயிருந்திருக்கும் எனச் சோப்பர் ஊகித்தார். 1907இல் பொலிசாரின் துணையோடு மேரி பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டு, நோத் பிறதர் என்னும் தீவில் தனித்து வைக்கப்பட்டார். தமக்குத் தைபோயிட்டு வந்ததேயில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பித்தப்பையை அகற்றச் சம்மதிக்குமாறு கேட்கப்பட்டபோது, அக்காலத்தில் உயிராபத்து மிக்கதாயிருந்த அச்சத்திரசிகிச்சையை மறுத்தார். 1909இல் நீதிமன்றை நாடித் தோற்றார். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் 1910இல் விடுவிக்கப்பட்டார். 1915இல் நியூயோர்க்கின் மகப்பேற்று மருத்துவமனையொன்றில் 25 பேர் தைபோயிட்டுக்கு ஆளாயினர்; அவருள் இருவர் இறந்தனர். அங்கே வேறு பெயரிற் சமைத்துக்கொண்டிருந்தவர் மேரியே. மீண்டும் தீவுக்கு அனுப்பப்பட்ட அவர், 1938இல் இறக்கும்வரை விடுதலை பெறவில்லை. இரு முறையுமாக ஏறத்தாழ 26 ஆண்டுகள் அத்தீவிற் கழிந்தன.

இவ்வழக்கை எடைபோட நம் இலக்கிய மரபிலுள்ள இரு மன்னர்கள் துணைபுரிவர். மனுநீதிச் சோழனின் மகன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்டு இறந்தது. இளவரசன் அதனை எண்ணிச் செய்தானல்லன். ஆயினும் மன்னன் விளைவையே நோக்கினான். மகனைத் தேர்க்காலிலிடத் துணிந்தான். சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். கண்ணகியின் சிலம்பு உடையும்வரை தன் தவற்றை அவன் அறியான். அறிந்த கணத்தில் தனக்குத் தானே தீர்ப்பளித்து உயிர்விட்டான். முன்னைய கதையிற் பொறுப்பு விளைவோடு பிறக்கின்றது. பின்னையதில் அறிவோடு பிறக்கின்றது. காவியின் அறத்துக்குப் பொருந்துவது பின்னையதே. விளைவு ஒன்றே குற்றமாகுமெனின், மூச்சு விடுவோரும் கைகுலுக்குவோரும் குழந்தையை முத்தமிடுவோரும் யாவரும் குற்றவாளிகளே. எல்லார்மீதும் சுமத்தப்படும் பழி எவர்மீதும் சுமத்தப்படாத பழியாகவே முடியும்.

ஆகவே 1907ஆம் ஆண்டின் மேரியிற் குற்றமில்லை. 1915ஆம் ஆண்டின் மேரியோ? அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது உண்மை. ஆனால் சொல்லப்படுதலும் தெளிதலும் ஒன்றல்ல. காவியின் உடலிலிருந்து கிருமி இடைவிட்டு வெளியேறுவதுமுண்டு. அவர் தம் பொறுப்பில் தனியார் ஆய்வுகூடமொன்றிற் செய்வித்த சோதனைகளிற் கிருமி காணப்படவில்லை. எனவே அவர் ஐயுற்றதற்குக் காரணம் இருந்தது. எனினும் ஐயத்தின் நன்மையை எவருக்கு அளிப்பது என்பதே ஈண்டு வினா. நீதிமன்றில் அந்நன்மை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரியது. அடுக்களையில் அது உண்பவருக்கே உரியது. தம்மால் ஓர் உயிர் போகக்கூடும் என்ற ஐயம் எழுந்தபின், அவ்வையத்தைத் தமக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொண்டது மேரியின் தவறு.

எனினும் கணக்கு அவரோடு முடிவதில்லை. சமையலே அவருக்கு நல்ல ஊதியம் தந்த தொழில். அதனைக் கைவிடுமாறு கோரிய அதிகாரிகள் அவருக்குக் காட்டிய சலவைத் தொழிலில் வருவாய் குறைவு. பொதுநலத்துக்காக ஒருவரது பிழைப்பைப் பறிப்போர், பொதுப்பணத்தில் அவருக்குப் பிழைப்பளிக்கக் கடமைப்பட்டோர். பிற்காலத்தில் அந்நகரில் நூற்றுக்கணக்கான காவிகள் அறியப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் சில கட்டுப்பாடுகளோடு வெளியே வாழ அனுமதிக்கப்பட்டனர். தனித்து வாழ்ந்த ஏழைக் குடியேறியான இப்பெண்ணுக்கோ தீவு வாய்த்தது. கைகளைக் கழுவுமாறு அவருக்குக் கூறிய சமூகம் அவரைக் கைகழுவிவிட்டது.

இதனைச் சரியென வாதிடுவோர் உடலையே உவமையாகக் காட்டுவர். உடல் தன்னைக் காக்கும் பொருட்டுத் தன் கலங்களையே பலியிடுகின்றது; புண்ணிலே தோன்றும் சீழிற் பெரும்பகுதி மடிந்த வெண்குழியங்களே; அவ்வாறே சமூகமும் சிலரை இழந்து பலரைக் காக்கலாம் என்பர். இவ்வுவமை பிழையானது. கலத்துக்கு வலியில்லை, வாழ்வு பற்றிய கனவில்லை. மனிதர் எவரும் மற்றெவருக்கும் கலம் அல்லர். உடலைப் பின்பற்றியே தீரவேண்டுமெனின், அது கற்பிக்கும் இன்னொரு பாடத்தையும் ஏற்றல் வேண்டும். தன்னைத் தானே தாக்காதவாறு உடற்காப்பை அடக்கியாளும் கலங்களும் உடலில் உள்ளன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. கட்டுப்பாடிழந்த உடற்காப்பு, கிருமியினும் கொடிய நோயாகும்.

தீவில் ஒதுக்கும் வழக்கம் நியூயோர்க்குக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் நம் நாட்டுத் தொழுநோயாளர் தனித்து வைக்கப்பட்டனர். மனிதருட் பெரும்பாலோர் இயல்பாகவே தொழுநோய்க்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உடையவர் என்பதும், அந்நோய் எளிதிற் பரவுவதன்று என்பதும் இன்று ஐயமின்றி அறியப்பட்டவை. அச்சத்தின் அளவு கிருமியின் அளவை விஞ்சியிருந்தது. அண்மைக் காலத்திலும் இது நிகழ்ந்தது. கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என 2020இல் இந்நாட்டில் விதிக்கப்பட்டது. அடக்கஞ் செய்தலையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருந்தும், அவ்விதி 2021 பெப்புருவரி வரை நீடித்தது. முஸ்லிம் பெற்றோர் தம் பச்சிளங் குழந்தையின் உடலைக்கூடத் தம் சமய முறைப்படி அடக்கஞ் செய்யவியலாது நின்றனர். 2024 யூலையில் அமைச்சரவை இதற்கு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அறியும் வாய்ப்பிருந்தும் அறியாமையில் நிலைப்பது மேரிக்குத் தவறெனின், அரசுக்கு அது பன்மடங்கு தவறாகும். பாண்டியனின் குற்றமும் ஆராயாமையே.

நிர்ப்பீடனம் என நாம் வழங்கும் ஆற்றலுக்கு மேலைமொழிகளில் உள்ள பெயர், இம்யூனிஸ் என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உரோமரிடையே அச்சொல் வரியினின்றும் பொதுக்கடமையினின்றும் விலக்குப் பெற்றவரைக் குறித்தது. நோயெதிர்ப்பை விலக்குரிமையாகக் கருதும் மனப்பான்மை இன்றும் உண்டு: எனக்கு நோயில்லை, ஆகவே எனக்குக் கடமையுமில்லை. காவியின் வரலாறு இதனை மறுக்கின்றது. நோயாளி படுக்கையிற் கிடக்கின்றார். நலமுடையவரே நடமாடுகின்றார், சமைக்கின்றார், பரிமாறுகின்றார். ஆகவே தொற்றின் அறம் நோயாளியிடத்தன்று, நலமுடையாரிடத்தே தொடங்குகின்றது. அறியாதவரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. அறிந்தபின் வாளாவிருக்கவும் உரிமையில்லை. அறிந்தவர் தம் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு அடக்கிக்கொண்டவருக்குச் சமூகம் சோறிட வேண்டும். இவ்விரண்டுள் ஒன்றை மட்டும் கோருவது அறமாகாது.