புள்ளிக் கரடி

நண்பர் ஒருவர் ஸ்வால்பார்ட் போகத் திட்டம் போடுகிறார். வட துருவத்தை ஒட்டி, நார்வேயிடம் இருக்கும் பனித்தீவுகள். பனிக்கரடியைப் படம் எடுக்கணுமாம். பெரிய லென்ஸ் வாங்கியாச்சு. ஒரே குறைதான். 2025 ஜனவரியிலிருந்து கரடியை 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

'இவ்வளவு செலவழிச்சுப் போய், புள்ளியா எடுத்துட்டு வரணுமா சார்?'

நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மாதங்களில்தான் தாய்க்கரடி குட்டிகளோடு கடல்பனியில் சீல்களை வேட்டையாடும். கேமராவை நேராகப் பார்க்கும் கரடி நமக்குப் பிரமாதமான படம். கரடிக்கோ, வேட்டையை விட்டுத் தலைநிமிர்ந்த நேரம். ஒருவேளை, குட்டிகளின் அன்றைய சாப்பாடு.

நாம் காசு கொடுத்தது கப்பலுக்கு, கரடிக்கு இல்லை.

புள்ளியாகவே எடுத்து வாங்க சார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.